முதுகில் இல்லாத கூடை

நாற்பது வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகோடு மாரடித்த யோகலிங்கம், வாடைக்காற்றில் கப்பலுக்குக் கயிறு கொடுத்துவிட்டு வந்து அந்த ஈரத்தோடேயே ஒரு சட்டி மீன்குழம்பை ஒரு கை பார்க்கிற மனிதர், சுவிஸ் நாட்டு மலைப்பாதையில் ஒரு பிளாஸ்ரிக் சொப்பின் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தி எடுத்தார்.

“கடல் ஆடினா அதில ஒரு நியாயம் இருக்கு,” என்றார், பையிலிருந்து முகத்தை எடுத்து. “தரை ஏன் ஆடவேணும்?”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் ஒருவரும் இல்லை. முன் இருக்கையில் மகள் தயாளினி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேசிக்காயை மூக்கோடு அழுத்தியிருந்தாள். பின்னால், தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில், லண்டனிலிருந்து வந்திருந்த மகன் மதுசன் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாகனத்தை ஓட்டிய மருமகன் இராகுலன் மட்டும் ஸ்டியரிங் கையில் இருந்ததால் தப்பியிருந்தான்.

அந்த வாகனத்தில் உல்லாசமாக இருந்தது ஒரே ஒரு ஆள். அது பூரணி. யன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அந்தக் குளிர்காற்றில் மூக்கை நீட்டிக்கொண்டு, தேர் பார்க்க வந்த பிள்ளைபோல இருந்தாள்.

“அம்மா, உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?” என்று தயாளினி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“எனக்கென்ன செய்யப்போகுது? நல்லாத்தான் இருக்கு.”

நல்லாத்தான் இருக்கும். பூரணி மலையில் பிறந்தவள். எந்த வளைவுக்கு எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று அவளுடைய உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் அவள் மலையில் பிறந்தவள் என்பது அந்த வாகனத்தில் இருந்தவர்களில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று பூரணி. மற்றவர் சொப்பின் பைக்குள் இருந்தார்.

திருகோணமலையில் அவர்கள் குடியிருக்கும் பாலையூற்றில் பூரணியைத் தெரியாத ஆள் இல்லை. இறக்கக்கண்டியிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஜவாஹிர், அவளுடைய கேற்றடியில் மட்டும் கேட்காமலே பெட்டியைத் திறந்து செவுளைத் தூக்கிக் காட்டுவார். “அக்காக்கிட்ட நேத்தைய மீனை இண்டைக்கு விக்க ஏலாது” என்பது அவருடைய ஒப்புதல். சண்டைக் காலத்தில் மனுசன் துறைமுகத்துக்குள் அடைபட்டு நாட்கணக்கில் வீட்டுக்கு வரமுடியாமல் கிடந்தபோது, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கோயில் மண்டபத்தில் படுத்து எழும்பியவள். சுனாமிக்குப் பிறகு, நிலாவெளியிலிருந்து உடுத்த துணியோடு வந்த ஒரு குடும்பத்துக்கு அறையைக் கொடுத்துவிட்டுக் குசினியில் பாய் போட்டவள். “உங்கட சொந்த ஊர் எது?” என்று யாராவது கேட்டால், “கந்தளாய்ப் பக்கம். அப்பா அங்க சீனி ஆலையில நிண்டவர். எங்கட ஆக்கள் எல்லாம் பிரச்சினையோட போயிட்டினம்” என்பாள். கேட்டவர் “ச்சச்ச” என்று நாக்கைத் தட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். பிரச்சினையோடு போனவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் துருவிக் கேட்பதில்லை. ஒரு பொய்யை வைத்து வளர்க்க அதைவிட வசதியான ஊர் எங்கே கிடைக்கும்?

உண்மை வேறு. பசறைக்கு அப்பால் ஆட்டுப்பாறை என்று ஒரு தேயிலைத் தோட்டம். அதில் மேல்பிரிவு, தோட்டத்துப் பேச்சில் மேக்கணக்கு. அங்கே வரிசையாகக் கட்டிய லயத்து அறை ஒன்றில் பிறந்தவள் பூரணி. தாய் கொழுந்து பறித்தாள். தகப்பன் தேயிலைச் செடிகளை மட்டமாக நறுக்கிக் கவ்வாத்து வெட்டினார். பூரணியும் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தாயோடு மலைக்கு ஏறினாள். சின்னக் கூடை ஒன்று அவளுக்கென்றே இருந்தது. கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால், கூடை அவளைவிடப் பெரிதாக இருக்கும். எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். ஓடி, ஒளிந்து, லொறி ஏறி, கடைசியில் திருகோணமலையில் இறக்கிவிட்டார்கள். கடலை முதன்முதலில் கண்டபோது பூரணிக்கு அழுகை வந்தது. ஒரு மேடும் இல்லாமல் இப்படியும் ஒரு இடம் இருக்குமா என்று.

பாலையூற்றில் ஒரு பொதுக் குழாய். குடத்தோடு நிற்கிற பெண்களில் ஒருத்தியைப் பார்ப்பதற்காக யோகலிங்கம் வேலைக்குப் போகிற பாதையை மாற்றினார். நேரே போனால் பக்கத்தில் இருக்கிற துறைமுகத்துக்கு, சைக்கிளில் ஊர் சுற்றிப் போன ஒரே ஆள் அவர்தான். கலியாணத்துக்கு அவருடைய தாய் சம்மதித்தது பெரிய காரியம். ஆனால் மனுசி ஒரு நிபந்தனை வைத்தாள். மகனையும் மருமகளையும் சாமியறைக்குள் கூட்டிக்கொண்டு போய், சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். “தோட்டம் எண்ட சொல்லு இந்த வீட்டில வரக்கூடாது. நாளைக்குப் பிறக்கிற பிள்ளையளுக்கும் தெரியக்கூடாது. ஊர் சிரிக்கும்.”

அடுத்த வருடம், பூரணியின் தாயும் தகப்பனும் தம்பிமாரும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு தலைமன்னாரில் கப்பலேறினார்கள். பூரணி வயிற்றுப் பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். வழியனுப்பப் போகவில்லை. போகவிடவில்லை என்று சொல்வதுதான் சரி. அந்தப் பிள்ளை தங்கவில்லை. பிறகு கனகாலம் கழித்துத் தயாளினி பிறந்தாள், அதற்குப் பிறகு மதுசன். கப்பலேறியவர்கள் நீலகிரிப் பக்கம் போனார்கள் என்று கேள்வி. சண்டை வந்தது, அந்தக் கேள்வியும் நின்றுபோனது. இனிச் சாட்சி சொல்லவும் ஆள் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பூரணி மறைத்தாள். நாற்பது வருடம் அதன் மேல் சோறு போட்டுக்கொண்டே இருந்தாள்.

இனி, இந்தப் பயணத்துக்கு ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். தாயையும் தகப்பனையும் தானிருக்கும் சுவிசுக்கு எடுப்பித்து மலை காட்டுகிறேன் என்று தயாளினி சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி மதுசன். அவன் கீர்த்தனி என்று ஒரு பெண்ணை விரும்பியிருந்தான். லண்டனில் தாதியாக வேலை. ஹற்றன் பக்கத்துப் பிள்ளை. அவளுடைய தாய் கொழுந்து பறித்துத்தான் அவளைப் படிப்பித்தாள். நாள் வைப்பதற்கு அவர்கள் தயாராக இருந்தார்கள். தகப்பனுடைய வாயால் ஒரு ஓம் வேண்டும் என்று மதுசன் காத்திருந்தான். அந்த ஓம் வராமல் பார்ப்பதற்கென்றே தயாளினி ஒரு வாரம் லீவு எடுத்து, வாகனம் வாடகைக்குப் பிடித்து, எல்லாரையும் ஒன்றாக அடைத்து ஏற்றியிருந்தாள்.

அன்று மத்தியானம், மலை ஏறுவதற்கு முன், ஒரு ஏரிக்கரையில் துணி விரித்துச் சாப்பிட்டபோது அந்தக் கதை வெளியே வந்தது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்லட்டும். யோகலிங்கம் வழக்கம்போல ஏரியை அளந்துகொண்டிருந்தார்.

“இதையும் ஒரு தண்ணியெண்டு படம் எடுக்கிறாங்கள். எங்கட உள்துறைமுகத்தில ஒரு மூலைக்குக் காணாது. ஒரு கப்பல் உள்ள வந்தா திரும்ப இடமில்லை.”

“கப்பலை விடுங்கோ அப்பா,” என்றாள் தயாளினி. “தம்பியின்ர விசயத்தில நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ. நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். அது தோட்டக்காட்டுச் சனம். எங்களுக்குச் சரிவராது.”

“அக்கா, வாயை அளந்து கதையுங்கோ,” என்றான் மதுசன்.

“ஏன் அளக்கவேணும்? திருகோணமலையெண்டாலே இவரின்ர வீட்டில மாமி என்னை ஒரு மாதிரித்தான் பாக்கிறா. இனி தம்பி தோட்டத்தில பொம்பிளை எடுத்தவன் எண்டும் சொல்லோணுமோ? நான் அந்தக் கலியாணத்துக்கு வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

தயாளினி கெட்டவள் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு நான் செய்கிற அநியாயம். இந்த நாட்டில் வந்து இறங்கிய காலத்தில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக் கழுவிக் கை வெடித்து, அந்தக் கையால்தான் தம்பியை லண்டனில் படிக்கவைத்தாள். ஆனால் கைக்கு இருக்கிற ஈரம் வாய்க்கு இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. இராகுலன் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்தான். யாழ்ப்பாணத்தில் இருக்கிற தாய்க்கும் பக்கத்தில் இருக்கிற மனைவிக்கும் நடுவில் அகப்பட்ட எந்த ஆம்பிளையும் அதைத்தான் செய்வான்.

பூரணி யோகலிங்கத்தைப் பார்த்தாள். இப்போதாவது ஏதாவது சொல்லுவாரா? யோகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“அக்கா சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்குத்தானே தம்பி,” என்றார். “ஊருக்குப் போய் யோசிப்பம்.”

சொல்லிவிட்டு மறுபடியும் ஏரியைப் பார்த்தார். பூரணி கையிலிருந்த ரொட்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டாள். நேரே தன்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது. தான் பெற்ற பிள்ளை, தன் பக்கத்தில் இருந்து, தான் பிசைந்த ரொட்டியைத் தின்றுகொண்டு, தன்னைத்தான் சொல்கிறாள் என்று தெரியாமலே சொல்கிறாள். வாயைத் திறந்தால் மகளின் வீட்டில் இருக்கிற மரியாதை போகும். மருமகன் என்ன நினைப்பான்? சம்பந்தி மனுசி என்ன சொல்லுவாள்? திறக்காவிட்டால், ஹற்றனில் தன்னைப்போலவே மலை ஏறி இறங்குகிற ஒருத்தியின் மகளை, தன் வீடே வேண்டாம் என்று தள்ளும். அவள் பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். பூரணிக்குச் சங்கடம் வந்தால் கை சும்மா இராது.

அதற்குப் பிறகுதான் மலை ஏறினார்கள்.

ஏற ஏற, மதியம் நடந்த கதை பூரணியைவிட்டுக் கீழே நின்றுவிட்டது. ஏனென்றால் மணம் வந்தது. ஈரப் பாறையின் மணம், பாசியின் மணம், வெயில் படாத மண்ணின் மணம். திருகோணமலையில் எத்தனையோ மணம் உண்டு. கருவாடு உண்டு, தார் உண்டு, மழை விழுந்த மணல் உண்டு. இது இல்லை. இதை மறந்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். மனம் மறந்திருந்தது, மூக்கு மறக்கவில்லை.

கீழே இருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. மழை மேலே இருந்து விழும். மலையில் பனிமூட்டம் கீழே இருந்துதான் ஏறும், பள்ளத்தில் யாரோ அடுப்பு மூட்டின மாதிரி. விடியற்காலையில் லயத்து வாசலில் நின்றால், அடுத்த மலை இருக்கும். கண்ணை மூடித் திறந்தால் இராது. அம்மா ரொட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகுவாள், சாயத்தண்ணீரைப் போத்தலில் ஊற்றுவாள், சாக்கை இடுப்பில் கட்டி, கயிற்றைத் தலையில் போடுவாள். “வாடி சீக்கிரம், பெரட்டுக்கு மணி அடிச்சிருச்சு.” காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்தான் பெரட்டு. ஏறும்போது அம்மாவின் குதிகால்தான் கண்ணுக்கு முன்னால் போகும். வெடித்த குதிகால். அந்த வெடிப்புக்குள் சிவப்பு மண் இருக்கும். தாயின் முகத்தை நினைக்க முயன்ற எத்தனையோ இரவுகளில் பூரணிக்கு வராத தாய், இந்த வளைவுகளில், வேறு எவனுடைய நாட்டிலோ, குதிகாலும் சாக்குமாக முன்னால் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

சமாதானம் வந்த பிறகு ஒருமுறை யோகலிங்கத்தின் வேலை நண்பர்கள் எல்லாரும் வான் பிடித்து நுவரெலியா போனார்கள். பூரணி காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பாயில் படுத்துக்கொண்டாள். தேயிலையைக் கண்டால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். பிள்ளைகள் திரும்பி வந்து, படம் படமாகக் காட்டினார்கள். அவள் “வடிவாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு முட்டைக் கோப்பி அடிக்கப் போனாள்.

“இஞ்ச கொஞ்சம் நிப்பாட்டுவம்,” என்றாள் தயாளினி. “இதுக்கு மேல எனக்கு ஏலாது.”

இராகுலன் வாகனத்தை ஓரம் கட்டினான். பாதைக்கு மேலே ஒரு சரிவு. சரிவு முழுவதும் முழங்கால் உயரத்துக்கு நெருக்கமான பச்சைச் செடி. அதற்குள் சின்னச் சின்னக் கருநீலப் பழங்கள்.

“காட்டுப் புளூபெரி,” என்றான் இராகுலன். “ஆவணியில இஞ்ச எல்லாரும் வந்து பறிக்கிறவை. சாப்பிடலாம் மாமி, பயப்பிடாதேங்கோ.”

தயாளினி ஆளுக்கொரு பிளாஸ்ரிக் பெட்டி கொடுத்தாள். நிலத்தில் கால் பட்டதும் யோகலிங்கத்துக்கு உயிர் வந்தது. ஒரு பழத்தைப் பறித்து, மூன்றுதரம் ஊதி, கடித்துப் பார்த்து, “எங்கட நாவல் பழத்துக்குக் கிட்ட வராது” என்று தீர்ப்புச் சொன்னார். மதுசன் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்தான். தயாளினி பாதிப் பழத்தை நசுக்கினாள்.

பூரணி சரிவில் ஏறினாள். செருப்புக்கால் வழுக்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. முதலில் அவளும் மற்றவர்களைப்போலப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் பறித்தாள். அது கைக்குச் சரிவரவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் செடிக்குள் விட்டாள்.

பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. கண்டவர்களுக்குத்தான் தெரியும். பனிமூட்டம் சரிவில் ஏறி அவளை இடுப்புவரை மூடியது. வலக்கையும் இடக்கையும் மாறி மாறிச் செடியின் மேல் ஓடின. பார்த்துப் பறிக்கவில்லை, விரலால் தடவித் தடவிப் பறித்தாள். பிடி நிறைந்ததும், தலையைத் திருப்பாமல், வலத் தோளுக்கு மேலால் பின்பக்கம் எறிந்தாள். மறுபடியும் பறித்தாள். மறுபடியும் தோளுக்கு மேலால் எறிந்தாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். முதுகுக்குப் பின்னால் புல்லில் பழங்கள் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தன.

“அம்மா!” தயாளினி விழுந்து விழுந்து சிரித்தாள். “என்ன செய்யிறீங்கள்? எல்லாத்தையும் பின்னால எறியிறீங்களே! பெட்டி கீழ கிடக்கு!”

பூரணியின் கை அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். புல்லில் அவளுடைய பழங்கள் சிதறிக் கிடந்தன. முதுகைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே கம்பளிச் சட்டைதான் இருந்தது.

மதுசன் மெல்ல எழும்பினான். அவன் சிரிக்கவில்லை.

“கீர்த்தனியின்ர அம்மா இப்பிடித்தான் கொழுந்து எறியிறவ,” என்றான். “போன வருசம் ஹற்றனில பாத்தனான். இதே மாதிரி. தோளுக்கு மேலால, திரும்பிப் பாக்காமல்.”

தயாளினியின் சிரிப்பு பாதியில் நின்றது. இராகுலன் பூரணியைப் பார்த்தான். அந்த இடைவெளிக்குள் யோகலிங்கம் பாய்ந்து விழுந்தார்.

“அது கந்தளாயிலயும் அப்பிடித்தான் தம்பி! கத்தரிக்காய்த் தோட்டத்தில... அங்க எல்லாரும்... பின்னால எறிஞ்சுதான் பறிக்கிறவை. இல்லையே பூரணி? சொல்லனப்பா.”

கத்தரிக்காயைத் தோளுக்கு மேலால் எறிகிற ஊர் உலகத்தில் எங்காவது இருக்குமா? ஆனால் மனுசன் பயத்தில் சொன்னார். அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான்: மறைத்து வைப்பது. பூரணி தலையை ஆட்டினால் போதும். மதுசன் நம்பாவிட்டாலும் விட்டுவிடுவான். தயாளினி நம்புவாள், நம்ப விரும்புவாள். எல்லாரும் வாகனத்தில் ஏறலாம். நாற்பது வருடம் ஆட்டிய தலைதானே.

புல்லில் கிடந்த பழங்களைப் பார்த்தபோது பூரணிக்கு ஒன்று தெரிந்தது. வாய் காத்ததைக் கை சொல்லிவிட்டது. அந்தக் கை பொய் சொல்லாது. அது அம்மா பழக்கிய கை.

“இல்லை,” என்றாள். “கந்தளாயில எனக்கு ஒருத்தரும் இல்லை. நான் அங்க இருந்ததும் இல்லை.”

“பூரணி…” என்றார் யோகலிங்கம்.

“விடுங்கோ. உங்கட அம்மாவுக்குச் சத்தியம் பண்ணினம். அவ செத்தும் கனகாலமாப் போச்சு.” அவள் மகளின் பக்கம் திரும்பினாள். “பிள்ளை, நான் பசறைப் பக்கம். ஆட்டுப்பாறைத் தோட்டம். என்ர அம்மா கொழுந்து எடுத்தவ. நானும் எடுத்தனான். முதுகில கூடை இருக்கிற நினைப்பில எறிஞ்சுபோட்டன். நீ மத்தியானம் சொன்னியே ஒரு சனம், அதுதான் நான். நான் அந்தச் சனம் எண்டா, நீயும்தான்.”

தயாளினி அப்படியே நின்றாள். கையிலிருந்த பெட்டி சரிந்து பழம் கொட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?” குரல் உடைந்தது. “இத்தனை வருசம். ஒரு நாளாவது ஏனம்மா சொல்லேல்லை?”

“இண்டைக்கு உன்ர வாயில வந்த சொல்லு அண்டைக்கும் வந்திடுமோ எண்ட பயம்.”

தயாளினி முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். பூரணிக்கு ஓடிப்போய் அணைக்கவேண்டும் போல இருந்தது. போகவில்லை. அந்தச் சொல் நொந்தது மகளுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று நின்றாள். தாய்தான், ஆனாலும் மனுசிதானே.

இராகுலன் அருகில் வந்தான். நல்ல பிள்ளை. நல்லதைத்தான் நினைத்தான்.

“மாமி, இது எங்களோடயே இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில எங்கட அம்மா ஆக்களுக்குத் தெரியத் தேவையில்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“சொல்லுங்கோ மருமகன்,” என்றாள் பூரணி. “ஒருத்தரும் கேக்காட்டியும் சொல்லுங்கோ. தலைக்கு மேல வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?”

இராகுலன் தலையைக் குனிந்தான். பிறகு குந்தி, புல்லில் சிதறிக் கிடந்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை போலும்.

மதுசன்தான் கைபேசியை எடுத்தான். “அம்மா, கீர்த்தனியின்ர அம்மாவோட கதைக்கிறீங்களோ?” என்று கேட்டான். “இப்ப அங்க பொழுது பட்டிருக்கும். வேலையால வந்திருப்பா.”

பூரணி கையில் ஒட்டியிருந்த நீலச் சாயத்தைச் சேலையில் துடைத்தாள். “எடு,” என்றாள்.

திரையில் ஒரு மெலிந்த முகம் வந்தது. நரைத்த தலை, பச்சைச் சுவர், பின்னால் சாமிப் படம். அந்த அம்மா திடுக்கிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாய், பெரிய இடத்து ஆள், திருகோணமலை.

“வணக்கம்ங்க,” என்றாள் பயந்த குரலில். “நல்லா இருக்கீங்களாங்க?”

கலியாணம் முடித்து வந்த புதிதில் யோகலிங்கத்தின் தாய் பூரணியின் ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கி எடுத்து எறிந்திருந்தாள். ஆமாம் என்றால் ஓம் என்று சொல்லு. முடியாது என்றால் ஏலாது என்று சொல்லு. ஒரு வருடம் கழிய, பாலையூற்றுச் சந்தியில் நின்று கதைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பூரணி மாறிவிட்டாள். தனியே இருக்கும்போதுகூட அவள் அந்தப் பழைய பேச்சைப் பேசிப் பார்த்ததில்லை.

“நல்லா இருக்கேங்க,” என்றாள் பூரணி. “நீங்க எப்புடி இருக்கீங்க? கொழுந்துக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தீங்களா? கால் வலிக்கும், ஒக்காந்து பேசுங்க. நானும் தோட்டந்தாங்க. பசற, ஆட்டுப்பாற, மேக்கணக்கு. எங்கம்மா நாலு பேரு கொழுந்த ஒத்தையா எடுக்கும்ங்க.”

திரையில் இருந்தவள் முந்தானையை விட்டுவிட்டுத் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள். பிறகு “அட, நம்ம பக்கமா!” என்று கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்தினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வருடம் மழை எப்படி, அட்டை இன்னும் அந்தக் கடி கடிக்குமா, நிறுவையில் இப்போதும் அந்த அநியாயம்தானா என்று பூரணி கேட்டுக்கொண்டே போனாள். சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன, அடைத்துக் கிடந்த குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. யோகலிங்கம் வாகனத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். குழாயடியில் நின்று அவள் பேசியதைக் கேட்கத்தான் அந்தக் காலத்தில் பாதை மாற்றிப் போனார். பிறகு அந்தப் பேச்சைத் தன் வீட்டிலேயே வைத்துத் தொண்டையை நெரிக்க விட்டார். மனுசன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, “மதுசன், நாள் வைக்கச் சொல்லு,” என்றார்.

மதுசன் தகப்பனைப் பார்க்கவில்லை. பாறையில் இருந்த அக்காவைப் பார்த்தான்.

தயாளினி எழும்பி வந்துகொண்டிருந்தாள். தன் தாயின் வாயிலிருந்து வந்த, தான் ஒருநாளும் கேட்டிராத அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே, தெரியாத வீட்டுக்குள் நுழைகிறவள்போல ஒவ்வொரு அடியாக வந்தாள். பூரணிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அவளுடைய முகமும் திரையில் விழுந்தது. அழுது வீங்கிய முகம்.

“இது யாருங்க? மூத்த புள்ளையா?” என்று கேட்டாள் ஹற்றன்காரி. “அம்மாவ உரிச்சு வச்ச மாதிரியே இருக்கும்மா.”

பூரணி மகளைப் பார்த்தாள். இதற்கு அவள் பதில் சொல்லக்கூடாது. தயாளினி தாயின் கையிலிருந்து கைபேசியை வாங்கினாள்.

“ஓம் மாமி,” என்றாள். “நான் அம்மாவைப் போலத்தான். கலியாணத்துக்கு வரேக்க பாருங்கோ.”